பொடியெழுத்துக்காரரின் வயிறு

எங்கள் விளம்பர அலுவலகத்தில் அவரைப் 'பொடியெழுத்து' என்றுதான் சொல்வார்கள். நான் மட்டும் அண்ணா என்று கூப்பிடுவேன். விளம்பரத்தின் உச்சியில் 'பாதி விலை!' என்று ஆள் உயரத்துக்கு அலறிவிட்டு, அடியில் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி 'தேர்ந்தெடுத்த சில பொருட்களுக்கு மட்டும், இருப்பு உள்ள வரை' என்று ஒரு வரி கிடக்குமே, அதை எழுதுகிறவர் அவர். உச்சியில் அலறுவதும் அவர்தான். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அடியில் கிடப்பது.

அவர் எழுதுவதைப் பக்கத்தில் அடுக்கி வடிவமைப்பது என் வேலை. எதைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது என்பதெல்லாம் என் கணினியில்தான் நடக்கும். பதினாறு வருஷம் அடுத்தடுத்த மேஜை. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பொறுமை நீளம். அதனால் வண்டி ஓடியது.

அலுவலகம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். லிப்ட் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் கதவில் 'விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஓர் அட்டை தொங்குகிறது. அந்த அட்டையை எழுதியதும் அண்ணன்தான். ஒரு நாள் மூச்சு வாங்க ஏறி வந்து அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"விரைவில்னு போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? பொய்தானே இது?"

"விரைவில்னா எப்போன்னு நான் எழுதலையேம்மா."

இதுதான் அவர். 'வரை', 'உதவும்', 'கூடும்', 'முதல்' என்று நாலு வார்த்தைகள் வைத்திருந்தார். இந்த நாலும்தான் தன் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன என்பார். ஐம்பது சதவீதம் 'வரை' தள்ளுபடி என்றால் ஒரு சதவீதமும் அதில் அடக்கம். கறையைப் போக்க 'உதவும்' என்றால் தேய்க்கிற வேலை உன்னுடையது. அவர் கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பலமுறை சொல்லியும் இருக்கிறார்.

"நான் பொய் எழுத மாட்டேன். ஆனா உண்மைய எந்த சைஸ்ல எழுதணும்னு சட்டம் எதுவும் இல்ல."

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த முதல் பாதியில் மனிதர் கறாராக இருந்தார். எந்தப் பொருளுக்கு விளம்பரம் எழுதினாலும் அதை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். மெத்தைக் கம்பெனிக்கு எழுதியபோது ஒரு வாரம் அதில் படுத்துவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். 'முதுகுக்கு உறுதி' என்று எழுதினார். "உறுதின்னா கல்லு மாதிரி இருக்குன்னு அர்த்தம்மா" என்றார் என்னிடம். ஷாம்பு வந்தபோது அவருடைய வழுக்கையில் சோதிக்க இடம் இல்லாததால் அவர் மனைவி தலையில் ஒரு வாரம் நுரை பொங்கியது. அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்தது என்ன? விஷ மருந்துக் கம்பெனி எதுவும் வரலையே?" என்று கேட்பார்.

இந்த ஒரு வாரப் பழக்கத்தால் நிஜமாகவே லாபம் அடைந்த ஒரே ஆள் அண்ணனின் அக்கா. அவர் பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். காலாவதியான பாஸை நீட்டி, "நேத்துதான் வாங்கினேன்" என்று கூசாமல் சொல்லும் ஜனங்களை முப்பது வருஷம் பார்த்ததில், அவருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேட்பார். மழை பெய்கிறது என்றால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். தம்பி ஒருவனைத்தான் நம்பினார். மிக்சி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் முதலில் தம்பிக்குத்தான் போன். "இது எப்படிடா? நீ பழகிப் பாத்தியா?" தம்பி ஆமாம் என்றால் அக்கா வாங்குவார், வேண்டாம் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தம்பி எழுதிய விளம்பரங்களை வெட்டி ஒரு பெட்டியில் சேர்த்தும் வைத்திருந்தார்.

அந்த அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், நடந்தால் மாத்திரையோடு போகும், இல்லையென்றால் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். அதனால் அண்ணன் தினமும் அலுவலகம் முடிந்ததும் நேராக அங்கே போய், அவரை இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பெரிய வாடிக்கையாளரான சோப்புக் கம்பெனி எங்களை விட்டு வேறு இடம் போனது. முதலாளி ஒரு வாரம் கணக்குப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவரைச் சேர்த்து ஏழு பேர். இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து ஆடும் பெல்ட்காரர் படி ஏறி வந்தார்.

பெல்ட் என்றால், இடுப்பில் கட்டிக்கொண்டு மின்சாரத்தில் சொருகினால் அது கிடுகிடுவென்று ஆடும். அது ஆட ஆட நம் கொழுப்பு கரையும் என்பது பெல்ட்காரரின் நம்பிக்கை. நம்பிக்கை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். மனிதர் நல்ல பருமன். அவர் ஏன் அதைக் கட்டவில்லை என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. முதலாளி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அண்ணன் வழக்கம்போல் பெல்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுவாரம் வந்து நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"சார், இது வேலைக்கு ஆகாது. அரை கிலோ ஏறியிருக்கேன்."

"பெல்ட் கட்டினா எப்படிய்யா ஏறும்?"

"அரை மணி நேரம் சும்மா உக்காரணுமே சார். ஒரு கையில வேர்க்கடலை வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, மாவு மெஷின் ஏதாவது வாங்கியிருக்கீங்களான்னு கேட்டாங்க. அந்த அளவுக்குச் சத்தம். அதத் தவிர வேற ஒண்ணும் நடக்கல."

முதலாளி நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணி வைக்கறாங்க. ஒரு பெல்ட் விக்கக் கூடாதா?" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஏழு பேருய்யா" என்றார். அண்ணன் வெளியே வந்து பேனாவைத் திறந்தார்.

எழுதினார். 'உட்கார்ந்த இடத்திலேயே இளைக்க உதவும் ஆடும் பெல்ட்!' அடியில் பொடியெழுத்தில்: 'தினமும் நாற்பது நிமிட நடையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தால் மட்டுமே பலன் தரக்கூடும்.' அதாவது நடந்தால் இளைப்பாய், பெல்ட் சும்மா கூட வரும் என்று அர்த்தம். என் பங்குக்கு, தலைப்பில் 'உதவும்' என்பதை மற்ற எழுத்துகளில் பாதியாக்கினேன். அடிவரியை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கினேன். நான் ஒன்றும் புனிதவதி இல்லை.

படம்தான் பாக்கி. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் வேண்டும். வருவதாகச் சொன்ன மாடல் வரவில்லை. போட்டோக்காரர் முதலாளி அறையில் விளக்கெல்லாம் வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். முதலாளியின் கண் அறையைச் சுற்றி வந்து அண்ணனின் வயிற்றில் நின்றது.

"சார், வேண்டாம்."

"கழுத்துக்குக் கீழதான்யா. உன் வயிறுன்னு உன் வீட்டம்மாவத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அது பொய்யாச்சே சார்."

"நீ பொய் எழுத மாட்டேன்னுதானே சொன்ன? எழுதாத. நில்லு, போதும். 'முன்' 'பின்'ன நான் எழுதிக்கறேன்."

அண்ணன் நின்றார். பின்னாளில் என்னிடம் அதைச் சொல்லி வெட்கப்பட்டார். "எனக்கு நானே ஒரு பொடியெழுத்துப் போட்டுக்கிட்டேன்ம்மா. எழுத மாட்டேன்னுதான் விதி, நிக்க மாட்டேன்னு இல்லையேன்னு."

முதல் படத்துக்கு, "வயித்த நல்லா வெளிய விடுங்க, ஊர்ல யாரோ செத்துட்ட மாதிரி மூஞ்ச வச்சுக்கோங்க" என்றார் போட்டோக்காரர். பிறகு சட்டையை மாற்றச் சொல்லி, விளக்கைக் கூட்டி, "இப்போ உள்ள இழுங்க. இழுங்க. இன்னும். சிரிங்க!" என்றார். அண்ணன் வயிற்றை முதுகெலும்பு வரை இழுத்துக்கொண்டு சிரித்தார். 'ஆறு வாரத்துக்குப் பின்' என்பது கால் மணி நேரத்தில் முடிந்தது.

கழுத்துக்குக் கீழே வெட்டித்தான் முதலில் பக்கத்தை முடித்தேன். சனிக்கிழமை மாலை பெல்ட்காரர் வந்து பார்த்தார். "தலை இல்லாத வயித்த யாரு நம்புவா? முகத்தப் போடுங்க. அவர் முகத்துல ஒரு நம்பிக்கை இருக்கு" என்றார். அண்ணன் அதற்குள் அக்காவை நடத்திக் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார். நான் போன் செய்து சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் பக்கம் அச்சுக்குப் போகாது, போகாவிட்டால் ஏழு பேர். போனை எடுக்காமல், வெட்டிய தலைப் பகுதியை எடுத்து அப்படியே ஒட்டினேன். அவசரத்தில் படத்தில் வேறு எதையும் கவனிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் வந்தது. திங்கட்கிழமை தொலைபேசி நிற்காமல் அடித்தது. முதலாளி எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார். அண்ணன் படி ஏறி வந்து, பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிருங்கண்ணா" என்றேன்.

"விடும்மா. நின்னவன் நான்தானே" என்றார்.

அன்று முதல் அவர் பாடு பெரும்பாடு. பஸ்ஸில் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்த்தார்கள். வயிற்றைப் பார்த்துவிட்டுச் சந்தேகமாக மறுபடி முகத்தைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் மனிதர் வீட்டு வாசலைத் தாண்டினால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். மூச்சைப் பிடித்தபடி பஸ்ஸில் நிற்பார், மூச்சைப் பிடித்தபடி காய்கறி வாங்குவார். மூன்று மாடியும் அப்படியே ஏறி, எங்கள் கதவைச் சாத்தியதும் 'புஸ்ஸ்' என்று விடுவார். அந்தச் சத்தம் கேட்டால் மணி ஒன்பதரை என்று அர்த்தம். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பெல்லாம் அந்தப் புதன்கிழமை வரைதான்.

புதன்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். வழக்கமாகக் கதவருகே முனகிக்கொண்டே செருப்பு மாட்டும் அக்கா, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் பெல்ட். நாற்காலியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். அங்கே நடந்ததை அண்ணன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"என்னக்கா இது?"

"இ-இனிமே நடக்க வே-வேண்டாம்டா. நீயே சொ-சொல்லிட்டியே." பெல்ட் ஆடியதால் குரலும் ஆடியது.

"கழட்டுக்கா. அதெல்லாம் சும்மா. நான் ஒரு வாரம் கட்டிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல."

அக்கா சுவிட்சை அணைத்துவிட்டுச் சிரித்தார். "போடா. என்ன நடக்க வைக்கறதுக்கு நீ என்னென்ன சொல்லியிருக்க! பூங்கா மூலையில நீலக் கலர்ல ஒரு பறவை வருதுன்ன. ஆறு மாசமாப் போறேன். ஒரு காக்கா கூட என்னத் திரும்பிப் பாக்கல. ஒரே ஒரு ரவுண்டுக்கான்னு சொல்லி மூணு ரவுண்டு சுத்த வைக்கற. இப்போ இது."

"சத்தியமா சொல்றேன்."

"வாயால சொல்றதுலதான்டா உனக்குப் பொய். அச்சுல நீ பொய் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? அதுவும் மூஞ்சியே குடுத்திருக்க. இத்தன வருஷத்துல ஒரு தடவை குடுத்திருக்கியா? அதான் உனக்கு ஒரு போன்கூடப் பண்ணாம வாங்கிட்டேன்."

அண்ணன் கடைசி ஆயுதமாக மூச்சை விட்டு வயிற்றைக் காட்டினார். அக்கா அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெல்ட்ட விட்டுட்ட போல. ஒழுங்காப் போடு."

"கீழ பொடியெழுத்துல போட்டிருக்குக்கா, நடந்தாத்தான் பலன்னு. நீ படிக்கலையா?"

"அது எழுத்தா? லென்ஸ் வச்சுப் பாத்தேன், ஒரே கோடாத் தெரியுது. ஏதோ பார்டர்னு நினைச்சேன்."

அதைச் செய்தவள் நான். பதினாறு வருஷமாக அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்கு ஒரு நாளும் வெட்கப்படாதவள், அன்று பட்டேன்.

இரண்டு வாரம் அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். அண்ணியை அனுப்பினார். "அவன் அனுப்பி வச்சானா?" என்று அக்கா கேட்டார். டாக்டரை விட்டுப் பேசச் சொன்னார். டாக்டரை அக்கா எப்போது நம்பினார்? மூன்றாவது வாரம் சோதனை முடிவு வந்தது. சர்க்கரை எகிறியிருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் ஊசிதான், காலில் வேறு மரமரப்பு ஆரம்பித்திருக்கிறது, அலட்சியம் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா அதற்கு, "பெல்ட் இப்போதானே ஆரம்பிச்சிருக்கேன்? ஆறு வாரம்னுதானே போட்டிருக்க" என்றாராம்.

அந்தத் தாளை அண்ணன் என் மேஜையில் விரித்து வைத்தார்.

"பொய் சொல்ல மாட்டான்னு பேர் எடுத்தேன் பாரு, அதாலதான் இப்போ நான் சொல்ற உண்மைய அவ நம்பல. அச்சுல வந்தாத்தான் நம்புவா. ஊர்ல இன்னும் எத்தன பேர் நடக்கறத நிறுத்திட்டு ஆடிக்கிட்டிருக்காங்களோ."

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. அதுவரை தொலைபேசி அடித்தபோதெல்லாம் பெல்ட் விற்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டாவது விளம்பரம் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பெல்ட்காரர் வந்து, "போன தடவை மாதிரியே இருந்தா ஜனங்க தாண்டிப் போயிடுவாங்க. அமைப்ப மட்டும் புதுசா மாத்துங்க. வாசகத்துல ஒரு எழுத்து மாறக் கூடாது. ராசியான வாசகம்" என்றார். வாசகத் தாளில் 'ஒரு எழுத்தும் மாறாமல்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்குக் கடைவாய்ப்பல் வலி. சனிக்கிழமை பல்லைப் பிடுங்கப் போகிறேன், நீங்களே முடித்து அனுப்பிவிடுங்கள் என்று கன்னத்தைப் பிடித்தபடி போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் நானும் அண்ணனும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார். "சைஸ் மாறலாம் இல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, ஏழு பேர்."

"தெரியும்மா. ரெண்டு வாரமா அந்த ஏழு பேரையும் எங்க அக்காவையும் தராசுல வச்சு வச்சு எடுக்கறேன். தூக்கம் இல்ல. நான் பண்ணேன்னு சொல்லிடறேன். நீ வீட்டுக்குப் போ."

"உங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர ஆன் பண்ணவே தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். தள்ளுங்க."

மேலே இருந்ததைக் கீழே இறக்கினேன், கீழே இருந்ததை மேலே ஏற்றினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. 'தினமும் நாற்பது நிமிட நடையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தால் மட்டுமே பலன் தரக்கூடும்' என்பது பக்கத்தின் உச்சியில் ஆள் உயரத்துக்கு நின்றது. 'உட்கார்ந்த இடத்திலேயே இளைக்க உதவும் ஆடும் பெல்ட்!' என்பது அடியில் எறும்பாக ஊர்ந்தது. படங்கள் நடுவில், இந்த முறை இடம் இருந்ததால் இரண்டு மடங்கு பெரிதாக. எழுத்தை எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூட மாறவில்லை. அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளி வாயில் பஞ்சோடு வந்தார். இரண்டு நாள் பேசக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் நன்றாக இருக்கட்டும். முதலாளி ஒரு தாளில் 'யார்?' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார். இரண்டு பேரும் கையைத் தூக்கினோம். அடுத்து 'ஏன்?' என்று எழுதினார். அண்ணன் அக்கா கதையைச் சொன்னார். முதலாளி கேட்டுவிட்டு, அந்தத் தாளின் அடியில் மிகச் சிறிதாக ஏதோ எழுதித் தள்ளினார். குனிந்து படித்தோம். 'என் மாமியாரும் ஒண்ணு வாங்கியிருக்காங்க. சொல்ல தைரியம் வரல.'

பெல்ட்காரர் வந்து மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினார். அண்ணன் அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டி, "ஒரு எழுத்து மாறியிருந்தா காட்டுங்க சார்" என்றார். அவர் விரல் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. நாங்கள் முன்னறையை ஒரு பல் டாக்டருக்கு உள்வாடகைக்கு விட்டு, பின்னறையில் ஏழு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து மூன்று மாதம் ஓட்டினோம். நாலாவது மாதம் ஒரு செருப்புக் கம்பெனிக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்து, "ஊரையே நடக்கச் சொன்னீங்களே, எதைப் போட்டுக்கிட்டு நடக்கறதுன்னு சொல்லலையே" என்றார். அண்ணன் அந்தச் செருப்பை ஒரு வாரம் போட்டுப் பார்த்து, 'முதல் இரண்டு நாள் கடிக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்' என்று எழுதினார். அதை நான் கொட்டை எழுத்தில் போட்டேன். செருப்பு நன்றாகவே விற்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

"நீயும் வா. அடி விழுந்தா பங்கு போட்டுக்கலாம்" என்று அண்ணன் என்னை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். அக்கா பேப்பரை மேஜையில் விரித்து வைத்திருந்தார். பெல்ட் நாற்காலியின் கையில் தொங்கியது. எங்களை உட்காரச் சொல்லவில்லை. உச்சியில் இருந்த வரியை ஒருமுறை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். பிறகு லென்ஸை எடுத்தார். நான் அடிவரியைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் லென்ஸைப் படங்களின் மேல் வைத்தார். முகத்தின் மேல் இல்லை, முகத்துக்குப் பின்னால் சுவரில். அங்கே முதலாளி அறைக் கடிகாரமும் தேதி கிழிக்கும் காலண்டரும் தொங்கிக்கொண்டிருந்தன. கடவுளே, அதைப் பதினாறு வருஷ அனுபவம் உள்ள நான் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

"முன்" என்றார் அக்கா. "பதினேழாம் தேதி. மணி பதினொண்ணு பத்து." லென்ஸ் நகர்ந்தது. "ஆறு வாரத்துக்குப் பின். அதே பதினேழாம் தேதி. பதினொண்ணு இருபத்தஞ்சு."

அக்கா லென்ஸைக் கீழே வைத்தார்.

"கால் மணி நேரத்துல இளைச்சுட்டியாடா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பெல்ட் கட்டாமலே நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மட்டும் நிமிரவில்லை.

"முப்பது வருஷம் எவன் எந்தப் பாஸ நீட்டினாலும் முதல்ல தேதியத்தான் பாப்பேன். ஆள் மூஞ்சப் பாக்கவே மாட்டேன்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அன்னிக்கு இந்தப் பேப்பர் வந்தப்போ உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்டா. தேதியப் பாக்கல."

அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நானும் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அக்கா எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். முனகவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் முன்னால் நடந்தார். மூன்று வாரம் உட்கார்ந்திருந்ததில் கொஞ்சம் தடுமாறினார், ஆனால் நிற்கவில்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே போனார். எதிரே வந்த இரண்டு பேர் அவர் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தார். முகம் சிவந்துவிட்டது. அக்கா நின்று திரும்பிப் பார்த்து, அவர் வயிற்றில் ஒரு விரலால் குத்தினார்.

"இங்க யாரும் போட்டோ எடுக்கலடா. மூச்ச விடு."